ஆறே மாதத்தில் ஆங்கிலம்

லண்டன் லூயிஷாம் மாலை வகுப்பில் இரண்டு வருடம் குந்தியிருந்தும் மெற்றில்டாவின் வாயிலிருந்து முழுதாக ஓர் ஆங்கில வசனம் இறங்கவில்லை. தொண்ணூற்றொன்று ஆனி மாதம். வருகிற மாதம் முதியோர் இல்ல வேலைக்கு நேர்முகத் தேர்வு. புருசன் யாக்கோப்போ ஆறே மாதத்தில் ஆங்கிலத்தை அருவியாகக் கொட்டினான். அவன் வாயைத் திறந்தால் பஸ்கூட நின்று கேட்கும்!

எப்படியென்று அவள் கேட்க, அவன் சொன்னான்: "எல்லாம் காலமை என்னோட பஸ்ஸில வாற ஹலீனாவின்ர புண்ணியம். வெள்ளைக்கார மனிசி. அவவுக்கு முன்னால மானம் போகக்கூடாதெண்டு ஒவ்வொரு நாளும் புதுச் சொல்லுப் பாடமாக்கினன்."

மறுநாள் மெற்றில்டாவும் குருதட்சணையாக ஒரு கேக்கோடு பஸ் தரிப்புக்கு வந்தாள். ஹலீனாவைக் கண்டதும் யாக்கோப்பு ஆங்கிலத்தில் கேட்டான்: "என்ர மனிசிக்கும் நீங்கள்தான் இங்கிலிஷ் படிப்பிக்க வேணும்."

ஹலீனா திகைத்துப் போனாள்.

"நானோ? நான் போலந்தில இருந்து வந்தே ஏழு மாசம்தான்! நீங்கள் இஞ்ச பிறந்தவர் எண்டெல்லோ நினைச்சன். உங்களுக்கு ஈடுகுடுக்கத்தானே அகராதியும் கையுமாத் திரிஞ்சன்!"

அதை மனைவிக்குத் தமிழில் சொல்லிவிட்டு யாக்கோப்பு வாயைப் பிளந்து நின்றான். மெற்றில்டா இருவரையும் அற்புதம் கண்டவள்போல் மாறி மாறிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோப்பா, எனக்கும் இங்கிலிஷ் தெரியாத ஒரு வெள்ளைக்காரியைப் பிடிச்சுத் தாங்கோ!"