அச்சு முறிந்த காரணம்

சீவலப்பேரி டவுன் பஸ் வயலுக்குள் கவிழ்ந்து பதினொரு பேருக்கு அடிபட்ட நாளிலிருந்து, டிரைவர் முஹ்சினைப் பற்றி ஊரே ஒரே பேச்சாகப் பேசியது.

"கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிருப்பாம்லே!"

முறிந்துபோன பின்அச்சைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி, பஸ் முதலாளி கோமதிசங்கர் அதை உலோகவியல் பேராசிரியர் பாபநாசத்திடம் அனுப்பியிருந்தார். ஒரு மாதம் கழித்து, அறிக்கையோடு பேராசிரியரே திருநெல்வேலி ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

கைகட்டி நின்ற முஹ்சினைப் பார்த்து, "உக்காருங்க தம்பி" என்றார். பேராசிரியரோ உட்காரவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவனுக்கு எதற்கு இந்த மரியாதை என்று முஹ்சினுக்கு விளங்கவில்லை.

"என்ன ஸார் எழுதியிருக்கீய?" முதலாளி அவசரப்பட்டார்.

"இவரு மேல தப்பே இல்ல. அச்சுக்குள்ளயே விரிசல் இருந்திருக்கு. அச்சு செய்யையில உருக்கைக் காய்ச்சி எண்ணெயில முக்குததுக்குத் தனியா ஒரு முறை வச்சிருக்காங்கல்லா, அந்த முறையே தப்பு."

முஹ்சினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! நீங்க நல்லா இருக்கணும் ஸார்."

அதைக் கேட்டதும் பேராசிரியரின் முகம் ஏன் வாடியது என்பதும் அவனுக்கு விளங்கவில்லை.

"அப்படி ஒரு முறையைக் கண்டுபிடிச்சவன சும்மா விடக்கூடாது ஸார். யாரு அவன்?" என்று கொதித்தார் முதலாளி.

"இருபது வருஷத்துக்கு முந்தி அதுக்காகத்தான் எனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க" என்றார் பாபநாசம். "அதையும் அறிக்கையில எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். என்னைய மன்னிச்சிருங்க தம்பி."

தன் மேல் பழி இல்லை என்பது முஹ்சினுக்குப் புரிந்தது. எதிரே கைகூப்பி நின்றவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஸார்" என்றான்.