விரலுறைக்கு வந்த மரியாதை

அரசிக்கு மூன்று நாள் அசையாமல் உட்காரப் பொறுமையில்லை. அவளுடைய உடையை அணிந்துகொண்டு ஓவியர் முன் உட்கார்ந்தவள் அரண்மனைப் பூத்தையல்காரி கத்தரீனா. முகத்தை மட்டும் ஓவியர் அரசியைப் பார்த்து வரைந்தார்.

ஊசி குத்தாமலிருக்க மாட்டியிருந்த பித்தளை விரலுறையைக் கழற்ற கத்தரீனா மறந்திருந்தாள். ஓவியர் அதையும் வரைந்துவிட்டார்.

"உன்னால் அவள் வேலை போகப்போகிறது," என்றது ஊசி.

"மறந்தது நானா?" என்றது விரலுறை.

அரசிக்குப் படம் பிடித்துப்போயிற்று. மறுவாரமே சீமாட்டிகள் எல்லோரும் தங்க விரலுறையோடு விருந்துக்கு வந்தார்கள். அதற்கடுத்த வாரம், பிரபு குலத்தார் தவிர வேறு யாரும் விரலுறை அணியக் கூடாது என்று ஆணை வந்தது.

"நான் இப்போது நகை, தெரியுமா?" என்றது, கத்தரீனா கழற்றி வைத்த பெட்டிக்குள்ளிருந்து பித்தளை விரலுறை.

கத்தரீனா வெறும் விரலை ஊசியின் காதில் வைத்து அழுத்தினாள்.

"பார்த்துத் தள்ளம்மா," என்றது ஊசி. "என் பின்பக்கமும் குத்தும்."