ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

ரிமூஸ்கி ஊரில் பூர்வீகம் தேடுகிறவர்கள் எல்லோரும், பழைய சர்ச் பதிவேடுகளை அலசிச் சொல்லும் பெர்னான் திபோதோவின் வீட்டுக்குத்தான் வருவார்கள். அன்று வந்த இளைஞன் உட்கார்ந்ததுமே சந்தேகத்தைக் கேட்டான்.

“ஒரே அப்பாவுக்கு ரெண்டு பிள்ளைங்க ஐயா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. பதிவேட்டுல பாதிரியார் தப்பா எழுதிட்டாரோ?”

பெர்னானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “தப்பே இல்ல தம்பி. ஞானஸ்நானத்துல நம்ம பையன்க எல்லாருக்கும் முதல்ல ஜோசப்னு வைப்பாங்க, அத விடுங்க. வீட்டுல கூப்பிடற பேரைப் பாருங்க. மூத்தது செத்துப்போனா, பேரு அழியக் கூடாதுன்னு அடுத்ததுக்கு அதையே வைப்பாங்க. அதான் நம்ம வழக்கம்.”

“மூத்தவன் உயிரோட இருந்தா?”

“சேச்சே! எந்த அப்பன் வைப்பான்? இருக்கிற பிள்ளைய செத்துட்டான்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?” என்றவர், உள்பக்கம் திரும்பினார். “ஒரேலியான், தம்பிக்குக் காபி கொண்டாடா!”

காபியோடு வந்த மகனிடம் இளைஞன் எழுந்து கை நீட்டினான்.

“என் பேரும் ஒரேலியான்தான். ஒரேலியான் திபோதோ. என்னையும் அம்மாவையும் காஸ்பே ஊர்ல விட்டுட்டு இவர் கிளம்பினப்ப எனக்கு மூணு வயசு.”

பெர்னானால் இரண்டு மகன்களின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவன் மெதுவாகக் கேட்டான்:

“நான் எப்பப்பா செத்தேன்?”