மூன்றாவது துப்பாக்கி

"கையை நீட்டுடா, பாப்போம்."

சந்திரன் நீட்டினான். குளிர்காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. விரல்கள் அவன் சொல்லைக் கேட்காமல் தாமாகவே ஆடின.

"இந்தக் கையோட எப்படிடா காசு விழாம சுடப்போற?" என்றாள் அக்கா பஞ்சாலை.

"தோட்டாவே இல்லாம எங்கேக்கா சுடறது? டிக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"அந்தச் சத்தத்துலதான்டா உன் உசுரு இருக்கு."

இருவரும் நின்றிருந்தது, கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைமார் குறி பார்த்துச் சுட்டு விளையாடிய கிளப்பில். ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடிப்போனார்கள். சுவரில் ஒரு மான் தலையும் மூலையில் மூன்று துப்பாக்கிகளும் மிஞ்சின. இப்போது இந்திய விடுதலைப் படைக்கு அங்கே இளைஞர்களைப் பழக்கினார்கள்.

தோட்டா கிடையாது. துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒரு சதுரச் செப்புக் காசை வைப்பார்கள். குறி பார்த்து விசையை இழுக்க வேண்டும். காசு விழாவிட்டால் படையில் இடம். விழுந்துவிட்டால், வாசலில் நிற்கும் லாரி. அது சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் ஏற்றிப்போகும் லாரி.

போன வருடம் அவர்கள் அப்பா அதில்தான் போனார். திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது அப்பாவைக் கைகாட்டியவர், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி. இன்று காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தேர்வு நடத்துகிறவரும் அவர்தான்.

"படைக்குப் போனா மட்டும் என்னக்கா? பர்மால சுடமாட்டானா?"

"சண்டைக்குப் போனவன் திரும்பி வரலாம். சயாமுலேர்ந்து எவன்டா வந்தான்?"

"மண்டோர்கிட்ட ஒரு வார்த்தை கெஞ்சிப் பாக்கலாமா?"

"அந்த ஆளுகிட்டயா? அதுக்கு லாரிக்காரன் கால்ல விழலாம்."

பஞ்சாலை மடியிலிருந்து ஒரு காசை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அதன் அடியில் ரப்பர் பால் மெல்லிய தோலாகக் காய்ந்திருந்தது. காசு வைப்பது பெண்கள் அணியின் வேலை. இன்று அவள் முறை.

சந்திரனுக்குக் கண்கள் விரிந்தன. "நிக்குமாக்கா?"

"தெரியலடா. காஞ்ச பால் காஞ்ச பாலைத்தான் கெட்டியாப் பிடிக்கும். குழல்லயும் தடவியிருந்தா பயமே இல்ல. துப்பாக்கிய எவன் நம்ம கையில குடுப்பான்? நீ மூச்சை அடக்கிக்க. மிச்சத்த ஆத்தா பாத்துக்குவா."

வெளியே, நாற்காலியில் ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வரிசையில் முன்னால் நின்ற முனியாண்டி காசு விழாமல் விசையை இழுத்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டே எழுந்தான்.

"அடுத்து, சந்திரன்!"

சந்திரன் கைக்கெட்டிய துப்பாக்கியை எடுத்தான். சன்னாசி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினார்.

"ஒன்னை யாருடா இதை எடுக்கச் சொன்னது? நடுங்குற கைக்கு நல்ல துப்பாக்கி கேக்குதோ? அந்தா கெடக்கு மூணாவது. அதை எடுலா!"

மூன்றாவது பழையது, மற்ற இரண்டையும்விடக் கனமானது. பஞ்சாலை அவரை முறைத்தாள். அப்பாவை அனுப்பியது போதாதா இந்த ஆளுக்கு?

சந்திரன் புல்லில் குப்புறப் படுத்தான். அவள் குனிந்து காசை வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள். தூரத்தில் வெள்ளைக் குறிப்பலகை, வீட்டுக்குப் போக மறந்து பகலிலும் நின்றுவிட்ட நிலா போலத் தெரிந்தது. குழல் நுனி ஆடியது. காசும் கூடவே ஆடியது.

"இழு!"

டிக்.

காசு விழவில்லை.

அதிகாரி சரி என்று தலையை அசைத்தார். பஞ்சாலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் சந்திரன் சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் துப்பாக்கி கவிழ்ந்தது. காசு மட்டும் தலைகீழாக, அப்படியே ஒட்டிக்கொண்டு தொங்கியது.

அவள் காசைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் சன்னாசி துப்பாக்கியைப் பறித்து, குழல் நுனியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"பாஸ்! போய் வரிசையில நில்லுடா! பஞ்சாலை, நீ உள்ள வா!"

மான் தலை மாட்டிய அறைக்குள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். பஞ்சாலை கைகூப்பினாள்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் காசுல பால் தடவினேன். என்னை வேணும்னா லாரியில ஏத்திடுங்க. அவனை விட்டுடுங்க."

சன்னாசி இடுப்பிலிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்துக் காசை நெம்பினார். அது அசையவில்லை. முகம் சிவக்க மறுபடி நெம்பினார். எண்ணெய் போட்ட இரும்பில் எப்படி இவ்வளவு கெட்டியாக ஒட்டியது என்று அந்தப் பயத்திலும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் காசு பிய்ந்து வந்தது. கூடவே குழலிலிருந்து தடித்த பால் தோல் ஒன்றும் உரிந்து வந்தது.

"பால் வெட்டு நின்னுபோன ரப்பர் காட்டுல, விடியறதுக்கு முன்னாடி ஒரு வாய்ப் பாலுக்கு எத்தனை மரம் கீறினேன் தெரியுமா?" என்றார் சன்னாசி, அவள் முகத்தைப் பார்க்காமலே. "நீ காசுல தடவுவேன்னு தெரிஞ்சிருந்தா, நான் குழல்ல கொஞ்சம் கம்மியாத் தடவியிருப்பேன்லா, புள்ள."