சிவப்பு ஓரம்

விமானப் பட்டறைச் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு கருவியையும் மாட்டும் இடத்தில் அதன் உருவம் சிவப்பில் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்தபின் சிவப்பு தெரிந்தால், காணாமல்போன கருவி கிடைக்கும்வரை விமானம் கிளம்பக்கூடாது. அன்று ஒரு ஸ்பேனரைக் காணவில்லை. பயணிகள் ஏறிவிட்டார்கள். மெக்கானிக் சகாயராஜ் தன் பைக்கில் வைத்திருந்த ஸ்பேனரைக் கொண்டுவந்து மாட்டினார். அது சற்றுச் சிறியது. ஓரத்தில் நூலளவு சிவப்பு தெரிந்தது.

விமானம் மலையில் விழுந்து அறுபத்திரண்டு பேர் இறந்த ஒன்பதாம் நாள், விசாரணை அதிகாரி வந்தார்.

"அப்புறமா தேடிக்கலாம்னு நெனச்சேன் சார்."

விமானத்தின் வாலுக்குள் சிக்கியிருந்த கருகிய ஸ்பேனரை அதிகாரி நீட்டினார்.

"நீங்களே மாட்டுங்க."

தன்னுடையதைக் கழற்றிவிட்டு சகாயராஜ் அதை மாட்டினார். சிவப்பு கொஞ்சமும் தெரியவில்லை.