குதிரைக்குக் கேட்ட நெஞ்சடிப்பு

குதிரை ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை. குதிரையின் மேல் மாப்பிள்ளைக் கோலத்தில் பிரதீஸ் அத்தான். கீழே தோழனாக நான், கையில் குடையோடு. பெருந்தெருவான காலி வீதியைக் கடந்தால் மண்டபம். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும் என்பது மணப்பெண்ணான என் அக்காவின் ஆசை. தேடிப் பிடித்து ஒழுங்கு செய்தவன் நான். ஆகவே பழியும் என் தலையில்தான்.

குதிரையோடு வந்தவர் அலவி நானா. கடிவாளக் கயிற்றை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரையின் காதுகள் தனித்தனியே திரும்புமாம். நமக்குக் கேட்காததெல்லாம் அதற்குக் கேட்குமாம். மேளத்தை நிறுத்தச் சொன்னார். தவில்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாதாம். வீடியோக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். குடையை மடக்கச் சொன்னார். மூக்கும் பொல்லாததாம். அத்தான் பூசியிருந்த சென்டை ஈரத் துணியால் துடைத்தோம்.

கலியாண வீடு மெல்ல மெல்லச் செத்த வீடு மாதிரி ஆனது.

குதிரையோ நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது.

அலவி நானா கடைசிக் குண்டைப் போட்டார்.

"மேல ஈக்கிற ஆள்ட நெஞ்சடிப்பு குதிரக்கி வெளங்கும், மகன். மனசுல பயம் ஈந்தா அது நகராது."

ஒழுங்கை முழுவதும் அத்தானை நிமிர்ந்து பார்த்தது. கட்டப்போகிற பெட்டைக்குத் தெரியாததைக் குதிரை கண்டுபிடித்துவிட்டது என்று பின்னால் ஒரு மாமி முணுமுணுத்தார்.

தனக்கு ஒரு பயமும் இல்லை என்றார் அத்தான், மூன்றாவது தடவையாக. குற்றவாளிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

என் அக்காவைக் கட்ட இந்த மனிதருக்கு மனமில்லையோ? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மண்டபத்தில் அலங்காரத்தோடு காத்திருந்த அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன்: 'அத்தானுக்கு விருப்பமில்லைப் போல கிடக்கு. குதிரை அசையுதில்லை.'

அந்த நேரம் பார்த்து, ஒழுங்கையின் கடற்கரை முனையில் கரையோர ரயில் ஊதிக்கொண்டு போனது. எங்களுக்கெல்லாம் காது அடைத்தது. குதிரை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ரயில் போனதும் அலவி நானா தொண்டையைச் செருமினார். குதிரை துள்ளிவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். அதன் இரண்டு காதுகளும் அவர் பக்கமே திரும்பியிருந்தன. கயிறு பிடித்திருந்த அவருடைய கைகள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன.

கயிற்றை வாங்கி அத்தானிடம் நீட்டினேன். அவர் அதைத் தளர்வாகப் பிடித்தார். குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. தலையைத் தாழ்த்தியது. நடக்கத் தொடங்கியது.

தவில்காரர் யாரையும் கேட்காமல் வெளுத்து வாங்கினார். குதிரை அதற்கும் அசரவில்லை.

அலவி நானா மதிலில் சாய்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"மச்சான்ட குதிர, மகன். அவருக்கு டெங்கு. நா கொட்டாஞ்சேனைல லொறி ஓட்ற. குதிரயப் பத்தி செல்லின எல்லாம் காலைல யூடியூப்ல பாத்த."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அனுப்பிய செய்தியை அழிப்போம் என்று ஃபோனை எடுத்தேன். பிந்திவிட்டது. அக்கா பதில் போட்டிருந்தாள்.

'அவருக்குப் பயம் வந்தா பாட்டுப் படிப்பார். இப்ப பாடினவரோ?'

இல்லை. ஒரு வரிகூட இல்லை.

மனதுக்குள் அத்தானிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்டபடி, குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். காலி வீதியைக் கடந்து, மண்டப வாசலில்தான் குதிரையை எட்டிப் பிடிக்க முடிந்தது. ஆராத்தித் தட்டுகளோடு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், திறந்த கதவுக்குள் மணவறை தெரிந்தது.

குதிரையின் மேல் அத்தான் மெல்லிய குரலில் பாடத் தொடங்கியிருந்தார்.