கொழும்புக்குப் போன டப்பா

"அவளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்து!" என்று துரை கத்தினார். டொக்டரின் அறைக் கதிரையில் சாய்ந்திருந்தவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ராக்கம்மா நகரவில்லை. "எனக்குத்தானே பதில் வந்திருக்கு? இங்க நின்னே கேட்டுக்கிறேன்."

குண்டசாலைக்கு அப்பால் உள்ள ஒரு கொக்கோத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அவர். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து ஒவ்வொருவராக டைபொயிட் என்னும் நெருப்புக் காய்ச்சலோடு கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து விழுந்துகொண்டிருந்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். ராக்கம்மாவின் புருசன் கறுப்பையா அடுத்த வாட்டில் பிதற்றிக்கொண்டு கிடந்தான். அவன் குரல் டொக்டரின் அறைவரை கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றார் துரை. தோட்டத்தில் கற்ற தமிழ். அவளுக்கும் விளங்கட்டும் என்று அதிலேயே பேசினார். "ஒன் புருசன் பயந்தாங்கொள்ளி. சண்டையில, பஸ்ரா பக்கம், எனக்கும் இதே காய்ச்சல் வந்துச்சு. எழுந்து வந்தேன்ல?"

"ஒங்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டி விட ஆளு இருந்திருக்கும். அவருக்கு நான் ஒருத்திதான். என்னையும் வெரட்டப் பாக்குறீங்க."

டொக்டர் ராஜலிங்கம்தான் கொழும்பில் இருந்த கிருமி நிபுணரிடம் யோசனை கேட்டவர். நோயே தெரியாமல் நடமாடும் யாரோ ஒருவர் வயிற்றில் கிருமியைச் சுமக்கிறார், மலத்தைச் சோதித்து ஆளைப் பிடியுங்கள் என்று பதில் வந்தது. தோட்டம் முழுவதையும் சோதிக்க வேண்டும் என்றார் டொக்டர். ஒருத்தி போதும் என்றார் துரை.

அந்த ஒருத்தி ராக்கம்மா. துரை தனியாகக் குடியிருந்த பங்களாவின் கக்கூஸ் வாளியைத் தினமும் தூக்கிக் கொட்டிக் கழுவி வைப்பது அவள் வேலை. கழுவுவது ஓடையில். கீழே லயத்துச் சனம் குடிப்பதும் அதே ஓடைத் தண்ணீர்.

"வாளியை ஏன் ஓடையிலை கழுவுறாய்?" என்று கேட்டார் டொக்டர்.

"தொரதாங்க அங்க கழுவச் சொன்னாரு. பங்களாக் கிட்டக் கழுவுனா நாறுதாம்."

"பேச்சை மாத்தாதே!" துரை டொக்டரின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மலம் எடுத்துத் தரச் சொல்லி டப்பாவைக் குடுத்தப்போ இவ என்ன சொன்னா தெரியுமா? புருசன் படுத்ததிலேருந்து சோறு திங்கல, வயித்துல ஒண்ணும் இல்ல, எங்கேருந்து தர்றதுன்னு கேட்டா! காலையில டப்பா வரல்லேன்னா வேலையிலேருந்து பேர் வெட்டுவேன்னு சொன்னேன். நான் கக்கூஸ் போய்க் குளிச்சு வர்றதுக்குள்ள டப்பா வாசல்ல இருக்கு!"

அந்த டப்பாவை அவர் ஆட்களை நம்பிக் கொடுக்கவில்லை. தன் காரின் மிதிபலகையில் கயிறு போட்டுக் கட்டித் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாதாம். அங்கிருந்து அது சோதனைக்காகக் கொழும்புக்குப் போனது.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முடிவு வந்திட்டுது, சேர். டப்பாவிலை கிருமி இருக்கு."

துரை தொடையில் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன்!"

"இஞ்ச பார், ராக்கம்மா," என்றார் டொக்டர். "உனக்கு முந்தி எப்பவாவது நெருப்புக் காய்ச்சல் வந்ததே?"

"இல்லீங்க."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னங்க இருக்கு? வந்திருந்தா தெரியாமலா போகும்?"

"பொய்!" என்றார் துரை. "கொழும்பு என்ன செய்யச் சொல்லுது? அதைச் சொல்லு."

டொக்டர் தயங்கினார். "டப்பாவுக்குரிய ஆள் இண்டைக்கே தோட்டத்தை விட்டு வெளிக்கிட வேணும். கிருமி போகும்வரைக்கும் அந்தத் தண்ணிப் பக்கமே போகக் கூடாது. ஆனா சேர், உவளின்ரை மனிசன் உயிருக்குப் போராடுறான். லயத்தை விட்டால் உவளுக்குப் போக்கிடம் இல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

"முடியாது. பொழுது சாயறதுக்குள்ள லயத்தைக் காலி பண்ணணும். அழுதாலும் விடமாட்டேன்."

ராக்கம்மா அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு துரையின் எதிரில் வந்து நின்றாள். அவர் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"டப்பாவுக்குரிய ஆளு யாரா இருந்தாலும் போகணுமாங்க?"

"யாரா இருந்தாலும்! சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

"டொக்டரய்யா, நீங்களும் அதத்தான் சொல்றீங்களா?"

"ஓம் பிள்ளை." டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "மாத்த ஏலாது."

அடுத்த வாட்டில் கறுப்பையா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "இந்தா வர்றேன்," என்று அவனுக்குக் குரல் கொடுத்துவிட்டுத் துரையின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பங்களாவக் காலி பண்ணுங்க தொர. டப்பாவுல இருந்தது ஒங்களோடது."